அஞ்சலைக்குக் கொடுத்த தனி அறை

போன மாதம் என் பழைய ஆபீசில், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளோடு பேசக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, டீ கொடுத்து அனுப்புவது ஒரு வழக்கம். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். சால்வை போர்த்தினார்கள். டீ வருவதற்குள் ஒரு பெண் எழுந்து தான் பார்க்கிற கேஸைப் பற்றிச் சொன்னாள். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பெண், பதினெட்டு முடிந்துவிட்டது, வேலை கிடைத்துவிட்டது, பேங்க் அக்கவுண்ட், ஆதார் எல்லாம் சரியாக இருக்கிறது. "திண்டிவனத்துலயே தனி ரூம் புடிச்சிட்டோம் மேடம். அட்டாச்டு பாத்ரூம். யாரோடயும் ஷேர் பண்ண வேணாம், ராணி மாதிரி இருக்கலாம்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சால்வை தோளில் இருந்து நழுவிக் கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"இத்தினி வருஷமா அந்தப் பொண்ணு எத்தினி பேரோட ஒரே கூடத்துல படுத்துக்கினு இருந்துதுன்னு கேட்டியாம்மா?" என்றேன்.

அவள் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஏதோ உளறுகிறார் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். ஏன் கேட்டேன் என்று பாதி சொல்வதற்குள் கலெக்டர் மீட்டிங் என்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் செய்த வேலைக்குக் கோப்பில் "பிற்காப்பு" என்று பெயர். ஊரில் யாருக்கும் புரியாது. என் மாமியாருக்குக் கடைசி வரை புரியவில்லை. "அநாத பசங்களுக்கு டீச்சர்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். விஷயம் இவ்வளவுதான். பெற்றோர் இல்லாமலோ, இருந்தும் இல்லாமலோ, குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது முடிந்தால் அங்கே இடம் கிடையாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதன் பிறகு என்ன வேலைக்குப் போவது, எங்கே தங்குவது, யாரைக் கேட்பது என்பதையெல்லாம் கூட இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் அந்த ஆள் நான். எம்.எஸ்.டபிள்யூ. படித்தேன், பயிற்சி முடித்தேன், ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். படித்ததில் பாதி முதல் வாரத்திலேயே உதவாமல் போய்விட்டது.

முதல் வாரம் என்று சும்மா சொல்லவில்லை. மணிகண்டன் என்று ஒரு பையன். விழுப்புரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்த்துவிட்டோம். பட்டறைக்குப் பின்னாலேயே ஓனர் வீடு. சாப்பாடு அங்கேதான் என்று பேச்சு. சேர்த்துவிட்ட இரண்டாம் நாள் ஓனர் போன் செய்தார்.

"இன்னா மேடம், இவ்ளோ வீம்பு புடிச்ச பையனைக் கொண்டாந்து வுட்டிருக்கீங்க. வூட்ல சோறு ஆக்கி வச்சிக்கினு என் சம்சாரம் காத்துக்கினு இருக்குது. வந்து துன்ன மாட்றான். நாங்க ஆக்கினா அவனுக்கு எறங்காதா?"

எனக்கும் கோபம் வந்தது. போய்ப் பார்த்தால் பையன் பட்டறை வாசலில் கழுவிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உதடு காய்ந்துபோய் இருக்கிறது. ஏன்டா சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"இங்க எப்ப மணி அடிப்பாங்கன்னு தெரியல மேடம். அடிச்சா போலாம்னு உக்காந்துக்கினு கீறேன்."

ஆடிப்போய்விட்டேன். இல்லத்தில் மணி அடித்தால்தான் சாப்பாட்டுக் கூடம். மணி அடிக்காமல் அந்தப் பக்கம் தலை வைத்தால் சமையல்காரம்மா கரண்டியோடு வருவார். நினைவு தெரிந்த நாள் முதல் அதுதான் பழக்கம். பட்டறை ஓனர் வீட்டில் யார் மணி அடிப்பார்கள்? ஓனரின் சம்சாரம் அதைக் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தம்மா சாப்பாட்டு நேரத்துக்குப் பட்டறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். பையன் பிழைத்துக்கொண்டான்.

இந்தக் கதையைக் கேட்டு ஆச்சரியப்படாத ஒரே ஆள் எங்கள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் வசந்தா மேடம். என் மேலதிகாரி. மெதுவாகத்தான் பேசுவார், சண்டை போடும்போது இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம்தான் பக்கத்தில் போய்க் கேட்டுத் திட்டு வாங்க வேண்டும். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார்.

இல்லத்தில் இருந்து ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவதற்கு முன் மேடம் செய்கிற காரியம் ஒன்று உண்டு. எந்த விதியிலும் அது கிடையாது. பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். நான் மட்டும் கூட இருப்பேன். பிள்ளை உட்காரும் வரை தானும் உட்கார மாட்டார். டீ வரும். ஒரு கிளாஸைப் பிள்ளை பக்கம் நகர்த்தி வைப்பார். "குடி" என்று சொல்ல மாட்டார். தன் பாட்டுக்குக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல பிள்ளைகள் அந்த டீயைத் தொடவே தொடாது. சொன்னால்தான் எடுக்கலாம் என்று வளர்ந்த பிள்ளைகள். டீயில் ஆடை படியும். ஆடை படிந்தால் மேடம் என்னைப் பார்ப்பார். இந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் வேலை இருக்கிறது என்று அர்த்தம். நான் மறுபடியும் அந்தப் பிள்ளையைக் கடைக்கும் பேங்க்குக்கும் அழைத்துக்கொண்டு அலைவேன்.

தானாக எடுத்துக் குடித்துவிட்டால் அடுத்தது கேள்வி. ஒரே ஒரு கேள்விதான்.

"ராத்திரி உனக்கு ஜுரம் வந்தா இன்னா பண்ணுவ?"

மாத்திரை போடுவேன் என்று சொல்லும். யார் வாங்கித் தருவார்கள் என்று கேட்பார். அப்படியே கேட்டுக்கொண்டு போய், யாருக்குப் போன் செய்வாய் என்பதில் முடிப்பார். ஒரு பெயராவது சொல்ல வேண்டும். என் பெயரைச் சொன்னாலும் சரிதான். பெயர் வந்தால் கையெழுத்து.

அஞ்சலை அந்த அறைக்குள் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. அம்மா வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போனார். அப்பா செங்கல் சூளைக்குப் போனவர் திரும்பவே இல்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, இடுப்பில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் இல்லத்துக்கு வந்தாள். அந்தக் கைக்குழந்தைதான் தங்கச்சி தனம். பெரிய கூடம் ஒன்றில் பெண்பிள்ளைகள் எல்லாம் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கும். அஞ்சலை பாயும் தனம் பாயும் எப்போதும் ஒட்டித்தான் கிடக்கும். வார்டன் எத்தனை முறை பிரித்துப் போட்டாலும் காலையில் ஒட்டியிருக்கும்.

பதினெட்டு முடிந்தது அஞ்சலைக்குத்தான். தனம் இன்னும் ஸ்கூல் போகிற பிள்ளை. அவள் இல்லத்தில்தான் இருக்க வேண்டும். அஞ்சலைக்கு இருந்தது ஒரே ஆசை. பொங்கல் லீவுக்குத் தனத்தைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். பிறகு மெல்ல மெல்ல, தன்னோடே வைத்துக்கொள்ள வேண்டும். அதை முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழு. அக்கா ஒழுங்காக வேலைக்குப் போய், ஒழுங்கான இடத்தில் தங்கி, நல்ல பெயர் எடுத்துக் காட்டட்டும், பொங்கல் சமயத்தில் பார்க்கலாம் என்று குழு சொல்லியிருந்தது.

மேடம் டீயை நகர்த்தி வைத்தார். அஞ்சலை உடனே எடுத்துக் குடித்தாள். அதோடு விட்டாளா, மேடம் தட்டில் இருந்த பிஸ்கெட்டையும் எடுத்து டீயில் நனைத்துத் தின்றாள். மேடம் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"ராத்திரி ஜுரம் வந்தா இன்னா பண்ணுவ?"

"பக்கத்துல படுத்திருக்கவங்கள எழுப்புவேன் மேடம்."

நானும் மேடமும் சேர்ந்து சிரித்தோம். "பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்கடி, அது உன் ரூமு" என்றேன் நான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஆமால்ல. அப்ப உங்களுக்குத்தான் மேடம் போன் பண்ணுவேன்" என்றாள். மேடம் கையெழுத்துப் போட்டார்.

திண்டிவனத்தில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடி அறை. காற்று வரும், குழாய் இருக்கும், கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். நான் பார்த்ததிலேயே நல்ல அறை அதுதான். புதுப் பாய், தலையணை, ஸ்டவ், இரண்டு பாத்திரம் எல்லாம் நானே கூடப் போய் வாங்கினேன். எங்கள் ஆபீசில் எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டோம். இத்தனை வருஷம் நெருக்கியடித்துக் கிடந்த பெண்ணுக்குக் கையையும் காலையும் நீட்டிப் படுக்க ஒரு இடம். வேறு என்ன வேண்டும்?

முதல் முறை பார்க்கப் போனபோது அறை கண்ணாடி மாதிரி இருந்தது. சமைத்திருந்தாள். ஒரு ஆளுக்கு எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் ஒரு பானை நிறையச் சாம்பார் வைத்துவிட்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரித்தேன். பாயைச் சுருட்டிக் கயிறு கட்டி மூலையில் நிறுத்தி வைத்திருந்தாள். எவ்வளவு ஒழுங்கான பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மார்கழி பிறந்த பிறகு கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். அஞ்சலை விரலில் ஊசி ஏறிவிட்டது.

"பெரிய காயம் இல்ல மேடம், கட்டு போட்டு வுட்டோம். ஆனா இந்தப் பொண்ணு மெஷின் மேலயே தூங்கி வுழுது. ஒரு நாள் இல்ல, தெனமும். ராத்திரியில இன்னா பண்ணுதுன்னு நீங்கதான் கேக்கணும்."

அவர் சொன்ன "ராத்திரி" எனக்குப் பிடிக்கவில்லை. ஹவுஸ் ஓனர் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் என் போனுக்காகக் காத்திருந்த மாதிரி கொட்டித் தீர்த்தார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மேடம். சாப்ட்டு முடிச்சதும் கதவப் பூட்டிக்கினு கெளம்பிடுது. விடியக்காத்தாலதான் வருது. எங்க போற, யாரப் பாக்கப் போறன்னு கேட்டா சிரிக்குது. நாங்க வயசுக்கு வந்த பொண்ண வச்சிருக்கோம். இந்தப் பேஜாரு நமக்கு வேணாம், காலி பண்ணச் சொல்லிடுங்க."

ஆபீசில் சொன்னேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைத்தார்கள். எவனோ ஒருத்தன். அப்படித்தானே நினைப்போம்? நானும் அதைத்தான் நினைத்தேன். "அந்தச் சின்னப் பொண்ணு தனம் பொங்கலுக்குக் காலண்டர்ல நாள எண்ணிக்கினு கீது, இவ இங்க இன்னா வேல பாக்குறா பாருங்க. போய் ரெண்டு அறை வுடுறேன் மேடம்" என்று வசந்தா மேடத்திடம் கத்தினேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. "நாளைக்கு மொத வண்டியில போ. உள்ள யாரு கீறாங்கன்னு எட்டிப் பாக்காத. சாப்ட்டியான்னு மட்டும் கேளு. மீதிய அவளே சொல்லுவா" என்றார்.

முதல் வண்டியில் போனேன். வழி முழுக்க என்ன திட்ட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இன்னும் சரியாக விடியவில்லை. பனி. முந்தைய ராத்திரி அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம், ஊருக்குப் போக வண்டி கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் படுத்துக் கிடந்தது. குடும்பம் குடும்பமாக. நெற்றியில் குங்குமம் வழிய, கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, ஒரே போர்வைக்குள் நாலைந்து பேர். கால் வைக்க இடமில்லை. மிதித்துவிடக் கூடாதே என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தேன். வெள்ளைக் கட்டுப் போட்ட விரல். யாருடையதோ ஒரு குழந்தையின் முதுகில் அந்தக் கை இருந்தது. கையைத் தொடர்ந்து பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கு நடுவில், ஒரு பக்கம் பெரிய பொம்பளை, ஒரு பக்கம் அந்தக் குழந்தை, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள் அஞ்சலை.

சொல்லிப் பார்த்து வைத்திருந்த திட்டு ஒன்றும் வாயில் வரவில்லை. எழுப்பவும் மனம் வரவில்லை. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"உங்க பொண்ணாம்மா?"

தலையாட்டினேன்.

"தெனமும் வருது. மொதல்ல எனக்கும் தப்பாத்தான் தோணுச்சு. பாத்தா, குழந்த வச்சிருக்கவங்க பக்கத்துலதான் போய் குந்துது. அவங்க வண்டி வந்துட்டா எழுந்து அடுத்த குடும்பத்தாண்ட போவுது. ஒரு குடிகாரன் ஒரு நாளு வம்பு பண்ணான், நான்தான் செருப்பக் கழட்டினேன். வூட்ல அடிக்கிறீங்களா?"

வீட்டில் அடிக்க ஆளே இல்லை என்பதுதான் பிரச்சினை என்று எனக்கே அப்போது தெரியாது.

அந்தக் குடும்பத்துக்கு வண்டி வந்தது. பெரிய பொம்பளை எழுந்து குழந்தையைத் தூக்கினார். கை காலியானதும் அஞ்சலை விழித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். ஓடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். "ஜல்தியா வந்துட்டீங்களா மேடம்" என்று சாதாரணமாகத் தலையை முடிந்தாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை.

டீ வாங்கிக் கொடுத்தேன். மேடம் சொன்னது நினைவு வந்து, சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்டேன். சாப்பிட்டாளாம். பிறகும் என்னால் அடக்க முடியவில்லை.

"ரூம்ல உனக்கு இன்னாடி கொற?"

"கொறையெல்லாம் இல்ல மேடம். நல்ல ரூமு."

"அப்புறம் ஏன் இங்க வந்து வுழுந்து கெடக்குற?"

டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அங்க யாரும் மூச்சு வுடல மேடம்" என்றாள். "லைட்ட அணைச்சா ஒரு சத்தமும் இல்ல. இல்லத்துல ஒருத்தி இருமுவா, ஒருத்தி பல்லக் கடிப்பா, தனம் தூக்கத்துல பேசும். அதக் கேட்டுக்கினே தூங்கிடுவேன். இங்க படுத்தா என் காதே எனக்குக் கொய்யுன்னுது. செத்துப் போயிட்ட மாதிரி கீது. பஸ் ஸ்டாண்டுன்னா ஆளுங்க கீறாங்க இல்ல. அமாவாசைன்னா இன்னும் நல்லாத் தூங்குவேன், கூட்டம் இருக்கும்."

பதினெட்டு வயசுப் பெண். அம்மா அப்பா இல்லாத பெண். பஸ் ஸ்டாண்டில் படுக்கக் கூடாது என்று யார் சொல்லிக் கொடுப்பார்கள்? சமைக்கச் சொல்லிக் கொடுத்தேன், ஏ.டி.எம். சொல்லிக் கொடுத்தேன், கேஸ் கசிந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் பிறந்ததில் இருந்து ஒரு ராத்திரிகூடத் தனியாகப் படுத்ததில்லை என்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. பூட்டிய அறை அவளுக்குப் பயம், திறந்த பஸ் ஸ்டாண்டு அவளுக்குப் பாதுகாப்பு.

அறைக்குப் போனோம். மூலையில் அந்தப் பாய் அப்படியே நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கயிறு, கடைக்காரர் போட்ட முடிச்சு. அவிழ்க்கவே இல்லை. அதைப் பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலைதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. "மேரி, அவ அன்னிக்கே சொன்னா" என்றார் என்னிடம். "பக்கத்துல படுத்திருக்கவங்கள எழுப்புவேன்னு. நாம ரெண்டு பேரும் சிரிச்சோம்."

விஷயத்தைச் சொன்னதும் ஹவுஸ் ஓனர் அம்மா காலி பண்ணச் சொன்னதை விட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டு, கம்பெனியில் கூட வேலை செய்யும் ஒரு பெண் வீட்டில் படுக்க ஏற்பாடு செய்தோம். அங்கேயும் அரைத் தூக்கம்தான். எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் தடவிப் பார்க்கிறாள் என்று அந்தப் பெண் சொன்னாள். யாரைத் தேடித் தடவுகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

பொங்கல் நெருங்கிவிட்டது. குழுவில் விஷயத்தை மறைக்கலாமா என்று நான் கேட்டேன். மேடம் முடியாது என்றார். நானே எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். குழுத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் கறார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பஸ் ஸ்டாண்டுல படுக்குற பொண்ணு. அதை நம்பி இன்னொரு பொண்ணை எப்படிம்மா அனுப்புறது? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அஞ்சலை என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கட்டுப் போட்ட விரலை இன்னொரு கையால் மறைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அவள் முகத்தில் ரத்தம் வற்றியது அன்றைக்குத்தான்.

மேடம் எழுந்தார். எங்களுக்கே சரியாகக் கேட்காத குரலில், "சின்னவளைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேக்கலாங்களா ஐயா?" என்றார்.

தனம் வந்தாள். இரட்டைச் சடை. அக்காவைப் பார்த்ததும் ஓடிவர ஒரு அடி எடுத்து வைத்தவள், பெரியவர்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"தனம், ராத்திரி உனக்கு ஜுரம் வந்தா இன்னா பண்ணுவ?"

"பக்கத்துல படுத்திருக்கவங்கள எழுப்புவேன் மேடம்."

அதே வார்த்தை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப உன் பக்கத்துல யாரு படுக்குறாங்க?"

தனம் தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா எடத்துல யாரையும் வுடல மேடம். காலியாத்தான் கீது. நான் முழிச்சிக்கினே இருப்பேன்."

மேடம் தலைவர் பக்கம் திரும்பினார். "பெரியவ அங்க தூங்கல. சின்னவ இங்க தூங்கல. ஒண்ணு பஸ் ஸ்டாண்டுக்குப் போச்சு. இன்னொண்ணு சின்னது, போவத் தெரியல. அவ்வளவுதாங்க ஐயா."

தலைவர் பேனாவை எடுத்தார். பிறகு பொங்கல் லீவு முழுவதும் அனுப்பலாம் என்று எழுதினார். தினமும் நான் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை போடாவிட்டாலும் போயிருப்பேன்.

அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் வசந்தா மேடம் இருந்தவரை ஒரு பிள்ளையைக்கூட ஒற்றையாக வெளியே அனுப்பவில்லை. இரண்டு பேராக, மூன்று பேராகத்தான். மேடம் ஓய்வு பெற்றார், நான் ஓய்வு பெற்றேன், போன மாதம் ஒரு தனி ரூமுக்குக் கை தட்டினார்கள்.

அந்தப் பொங்கல் லீவுக்குத் தனத்தை அழைத்துப்போய் அக்காவிடம் விட்ட மறுநாள் காலை. அஞ்சலை வேலைக்குப் போயிருப்பாள், சின்னவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டு வேலையை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினேன். திண்டிவனத்தில் இறங்கியதும் என் கண் தானாக அந்தத் தரையைத் தேடியது. பூக்கார அம்மா கையை விரித்தார். "அதுக்கப்புறம் வரவேயில்லம்மா. நேத்து ராத்திரிகூடப் பாத்துக்கினே இருந்தேன்."

அறைக்கு ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தேன், உள்ளே தாழ்ப்பாள். தட்டினேன். பதில் இல்லை. பலமாகத் தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கேஸ் ஸ்டவ் நினைவுக்கு வந்தது. என்னென்னவோ நினைவுக்கு வந்தது. கீழே இருந்து ஹவுஸ் ஓனர் அம்மா ஓடிவந்தார். "காலையில இருந்து ஒரு சத்தமும் கேக்கல மேடம்" என்று அவரும் சேர்ந்து கதவை இடித்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கதவை உடைத்திருப்போம்.

தாழ்ப்பாள் விலகியது. அஞ்சலை நின்றாள். ஒரு கன்னம் முழுக்கப் பாயின் கோடு. கண் திறக்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் தரையில் அந்தப் புதுப் பாய் விரித்துக் கிடந்தது. தனம் அதில் குறுக்காகப் படுத்து, நாங்கள் இடித்த இடியெல்லாம் யாருக்கோ என்பது போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூலையில் கயிறு கிடந்தது.

"மணி இன்னா மேடம்?" என்றாள் அஞ்சலை. சொன்னேன். பதறிப்போனாள். "அய்யய்யோ. தூங்கிட்டேன் மேடம்" என்று ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்ட மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போய்ப் படு என்று அவளை உள்ளே தள்ளினேன். வெளியே வந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, அஞ்சலை இன்றைக்கு மத்தியானம்தான் வருவாள் என்றேன்.

"ஏன் மேடம், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க. தூங்குறா" என்றேன். போனை வைத்துவிட்டேன்.